துண்டு போட்ட இடம்

வியாதி பஸ்ஸில் வரும்னு சொன்னா வெளியூர்க்காரங்க சிரிக்காங்க. சிரிக்கட்டும், சிரிச்சு முடிச்ச பெறகு எங்க பூவாணிமுக்குக்கு வந்து, பதினொரு மணி பஸ் புழுதியைக் கெளப்பிக்கிட்டு வந்து நிக்கிற நேரத்துல ஸ்டாண்டுல நின்னு பாத்துட்டுப் போகட்டும். தீப்பெட்டி ஆபீசுக்குப் போற பொம்பளைக, கோர்ட்டுக்குப் போய்த் தோத்துட்டு வர்ற ஆம்பளைக, கோழியை மடியில வச்சுக்கிட்டு அதுக்கு டிக்கெட் எடுக்க மாட்டேன்னு சண்டை போடுறவுக, இவங்களுக்கு நடுவுல கையில ஒரு பையும் தோள்ல ஒரு துண்டுமா எறங்கி, அடக்க ஒடுக்கமா நின்னு, "இன்னார் வீடு எதுங்க"ன்னு கேக்காகளே, அவுகதான்.

நான் ஆவுடைத்தங்கம். ஸ்டாண்டை ஒட்டி செண்பகம் மெஸ் இருக்குல்ல, அதுக்குப் பக்கத்துக் கடையில ஜாக்கெட் தைக்கேன். மெஸ்ஸுக்காரி செண்பகவல்லி எனக்கு மதினி. என் அண்ணன் வேல்ச்சாமி பொண்டாட்டி. நாத்தனாளும் மதினியும்னா சண்டை போடணும்னு ஊர்ல ஒரு சட்டம் இருக்கு, அந்தச் சட்டத்தை நாங்க ரெண்டு பேரும் ஒருநாளும் மீறுனதில்ல. ஆனா இது அந்த மதினியோட கதை, அதனால நடுவுல எங்கயாவது என் குரல் கம்முனா கண்டுக்காம கேளுங்க.

மொதல்ல வந்தது வியாதி இல்ல, வண்டி. வெள்ளை வண்டி, சர்க்காரு வண்டி, உள்ள ஏசி, ஒரு கேமரா, ஒரு எக்ஸ்ரே, எல்லாத்துக்கும் நடுவுல ஒரு கம்ப்யூட்டர். அதுக்கு ஏஐன்னு பேரு. கூட வந்த நர்ஸ் ஜெபமலர் மைக்கைப் புடிச்சு, லட்சக்கணக்கான பேரோட படத்தைப் பாத்துப் படிச்ச மிஷின் இது, உங்க கண்ணைப் படம் எடுக்கும், நெஞ்சைப் படம் எடுக்கும், பெரிய வியாதி வர்றதுக்கு ரொம்ப முந்தியே சின்ன மாத்தத்தைக் கண்டுபிடிச்சுச் சொல்லிரும்னு சொல்லுச்சு. ஊரு வாயைப் பொளந்து கேட்டுச்சு. நான் மட்டும், வராத சீக்குக்கு வைத்தியம் பாக்குறது பொறக்காத புள்ளைக்குப் பேரு வைக்கிற கதையால்ல இருக்குன்னு கேட்டேன், கேட்டதும் எல்லாரும் சிரிச்சாக, எனக்கும் பெருமையா இருந்துச்சு.

ஜெபமலர் சாமானியப்பட்ட புள்ளை இல்ல. "அக்கா, திருவிழா பஸ்ஸுல எடம் புடிக்க என்ன செய்வீங்க"ன்னு கேட்டுச்சு. சன்னல் வழியா துண்டைப் போடுவோம்னு சொன்னேன். "ஆளு ஏறியாச்சா?" இல்ல, ஆளு கீழதான் நிக்கும். "ஆனா எடம் போச்சுல்ல? வியாதியும் அப்பிடித்தான்க்கா. வர்றதுக்கு முந்தி துண்டைப் போட்டுரும். நம்ம கண்ணுக்கு அது தெரியாது, வலிக்கவும் செய்யாது. இந்த மிஷினுக்கு அந்தத் துண்டு தெரியும். ஆளு ஏறுறதுக்குள்ள துண்டை எடுத்து வெளிய வீசிட்டு நம்ம எடத்துல நாம உக்காந்துக்கிட்டோம்னு வைங்க, வந்தவரு நின்னுட்டு எறங்கிப் போயிருவாரு." எங்க ஊரு பஸ்ஸுக்குன்னே பொறந்த ஊரு, அதனால இந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒடனே புரிஞ்சு போச்சு.

மொதல்ல மாட்டுனது பட்டறை இசக்கியப்பன். கண்ணுக்குள்ள ஒரு வெளிச்சத்தை அடிச்சுப் பாத்துட்டு, சர்க்கரை துண்டு போட்டிருக்குன்னு மிஷின் சொல்லிருச்சு. அந்த மனுசனும் மாத்திரையும் கம்மங்கூழுமா, விடியக்காலம் கம்மாக்கரை நடையுமா, வயித்தைக் கரைச்சு ஒரு வழிக்கு வந்துட்டாரு. வந்து கொஞ்ச மாசம் கழிச்சு, ஒருநாள் பதினொரு மணி பஸ்ஸுல, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கும்முன்னு கன்னமுமா ஒருத்தரு எறங்கி, "பட்டறை இசக்கியப்பன் வீடு எதுங்க"ன்னு கேட்டாரு. காட்டுனோம். போனவரு போன வேகத்துல திரும்பி வந்தாரு. எடம் காலியில்லையாம். பையை மடியில வச்சு ஸ்டாண்டு பெஞ்சுல உக்காந்து, வேட்டி நுனியால மூஞ்சியைத் தொடச்சாரு. டீக்கடை அண்ணாச்சி பாவம்னு நெனச்சு, "டீ போடவா, சீனி எவ்வளவு"ன்னு கேக்க, "எனக்குச் சீனி வேண்டாம்ங்க, பாத்துப் பாத்து சலிச்சுப் போச்சு"ன்னாரு. அப்பதான் அவரு யாருன்னு எங்களுக்கு வெளங்குச்சு. யாரும் பதறல. வந்தவருக்கு டீ குடுத்தாச்சு, குடிச்சாரு, அவ்வளவுதான்.

அதுக்குப் பெறகு ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாக. தீப்பெட்டி ஆபீஸ் முத்தரசிக்காக, மூங்கில் கம்பு கணக்கா ஒருத்தரு இருமிக்கிட்டே எறங்குனாரு. அதுக்குள்ள அந்தப் புள்ளை நெஞ்சுப்படம் எடுத்து, மாத்திரையை ஒரு வேளை விடாம முழுங்கி, வெயிட்டு போட்டு, எடத்துல சம்மணம் போட்டு உக்காந்திருந்தா. அவரு வேலையில்லாம நிக்கிறதைப் பாத்துட்டு சோளக்காட்டு வையாபுரி கூட்டிட்டுப் போயிட்டாரு. அந்த இருமல்காரரு ஒரு இருமல் இருமுனா காடு முச்சூடும் குருவி பறந்துரும், தகரம் தட்டுற வேலை மிச்சம். இப்பிடி நெஞ்சடைப்பு ஒருத்தரு, வாதம் ஒருத்தரு, பேரு வாயில நொழையாத ஒருத்தருன்னு பெஞ்சு நெறஞ்சு போச்சு.

ஊருன்னா நாலும் இருக்கும்ல. டீக்கடை அண்ணாச்சி அவுகளுக்குன்னு தனி கிளாஸ் வச்சாரு, எங்க மதினி கரண்டியோட வந்து, தனி கிளாஸ் வச்ச காலமெல்லாம் மலையேறிப் போச்சு அண்ணாச்சி, மறுபடியும் ஆரம்பிக்காதீகன்னு சொல்லி அதைத் தூக்கிக் குப்பையில போட்டாக. ஊர்க் கூட்டத்துல அந்தப் பஸ்ஸையே நிறுத்தணும்னு ஒரு கட்சி பேசுச்சு, டிக்கெட் எடுத்தவுகளை எறக்கிவிட எனக்கு அதிகாரம் இல்லன்னு எங்கண்ணன் கையை விரிச்சுட்டாக, அவுகதான அந்தப் பஸ்ஸுக்குக் கண்டக்டரு. கடைசியில ஜெபமலர் எந்திரிச்சு, "பெஞ்சுல உக்காந்திருக்காங்கன்னா என்ன அர்த்தம்? எடம் கெடைக்கலன்னு அர்த்தம். பெஞ்சு காலியா இருக்கிற ஊருல அவங்க எங்க இருக்காங்கன்னு யோசிச்சுப் பாருங்க"ன்னு ஒரே போடா போட்டுச்சு. பக்கத்து ஊர்க்காரன் தேரைக் காட்டிப் பீத்துவான், கோபுரத்தைக் காட்டிப் பீத்துவான், நாங்க அன்னையிலிருந்து பெஞ்சைக் காட்டிப் பீத்த ஆரம்பிச்சோம்.

அடேயப்பா, அந்த வருசம் ஊருக்கு வந்த உற்சாகம் இருக்கே. வண்டி நிக்கிற வியாழக்கிழமைன்னா வண்டிக்கு முன்னால கடலை வண்டி, ஐஸ் வண்டி, பலூன்காரன், புதுச்சேலை. பரிட்சை எழுதுன புள்ளைக மாதிரி, உள்ள போயிட்டு வந்தவுகளைச் சுத்தி நின்னு, ஒனக்கென்ன, ஒனக்கென்னன்னு கேப்போம். மிஷினும் தப்புப் பண்ணும், இல்லங்கல. தபால்கார சந்தனமாரிக்கு நெஞ்சுல துண்டு கெடக்குன்னு சொல்லிருச்சு, பெரியாஸ்பத்திரி டாக்டரு பாத்துட்டு, எப்பவோ ஆறிப்போன பழைய தழும்பு, போங்கன்னுட்டாரு. அவரு சந்தோசப்படணும்ல? தெனமும் சவரம் பண்ணி பதினொரு மணி பஸ்ஸுக்குக் காத்திருந்து, என்னைத் தேடி யாரும் வரலியான்னு கேட்டு, யாரும் வரலன்னதும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனாரு. மனுசனை என்னன்னு சொல்ல.

இதுல கெட்டது ஒண்ணுதான். கல்யாணப் புரோக்கர் தங்கப்பழம் பெஞ்சு ஓரத்துலயே குடியிருக்க ஆரம்பிச்சாரு. எறங்குறவுக யாரு வீட்டைக் கேக்காக, அந்த வீட்டுல பொண்ணு இருக்கா, மாப்பிள்ளை இருக்கான்னு காதைத் தீட்டி வச்சுக்கிட்டு, சாயங்காலத்துக்குள்ள சேதியைச் சேர்க்க வேண்டிய வீட்டுக்குச் சேத்துருவாரு. அதனால எத்தனையோ பேச்சுவார்த்தை நின்னு போச்சு. எங்க மதினி பயந்தது இதுக்குத்தான். அவுக மக கோமதிக்குக் கழுகுமலையில மாப்பிள்ளை பேசி முடிச்சு, ஐப்பசியில கல்யாணம்னு பாக்கு வெத்தலை மாத்தியாச்சு.

மதினியைப் பத்திச் சொல்லிருதேன். உக்காந்து நான் பாத்ததில்ல. அடுப்புக்குப் பக்கத்துல அவுகளுக்குன்னு ஒரு முக்காலி இருக்கு, கல்யாணமாகி வந்தப்ப எங்கம்மா போட்டுக் குடுத்தது, அதுல தேங்கா இருக்கும், கறிவேப்பிலை இருக்கும், பூனை இருக்கும், மதினி மட்டும் இருக்க மாட்டாக. ஊருக்கெல்லாம் பரிமாறி, புருசனுக்கும் புள்ளைக்கும் வச்சு, பெஞ்சுல வேலையில்லாம கெடக்கிறவுகளுக்கும் கூப்பிட்டுப் போட்டு, கடைசியில சட்டியைச் சொரண்டி நின்னுக்கிட்டே ரெண்டு வாய் அள்ளிப் போட்டுட்டு, சாப்பிட்டாச்சும்பாக. பந்திக்கு முந்துன்னு ஊரே சொல்லும், எங்க மதினி பந்திக்குக் கடைசி. வண்டிக்கும் அப்பிடித்தான். அண்ணனை அனுப்புனாக, கோமதியை அனுப்புனாக, வராட்டி சோறு கெடையாதுன்னு என்னைக் கரண்டியால வெரட்டி அனுப்புனாக. அவுகளைக் கேட்டா ஒரே பதில்தான்: "கோமதி கல்யாணம் முடியட்டும்."

நானும் கேட்டேன், ஜெபமலர் கேட்டுச்சு, அண்ணன் கெஞ்சுனாக. கல்யாணம் முடியட்டும். எங்க ஊர்ல பொம்பளைக்கு எந்த வலி வந்தாலும் இதுதான் மருந்து. பொங்கல் போகட்டும், பரிட்சை முடியட்டும், பேறுகாலம் கழியட்டும், கல்யாணம் முடியட்டும். இந்த முடியட்டுமைக் கண்டுபிடிச்சவ மட்டும் என் கையில கெடச்சா நாக்குல சூடு போட்டுருவேன்.

ஆடி பொறந்ததும் ஒரு அம்மா வந்தாக. சந்தனக் கலர் நூல் சேலை, நெத்தியில சின்னப் பொட்டு, கையில ஒரு துணிப்பை, அதுமேல நாலா மடிச்ச வெள்ளைத் துண்டு. யாரு வீட்டையும் கேக்கல. நேரா மெஸ்ஸுக்குள்ள வந்து மூலையில உக்காந்து, வச்சதைச் சாப்பிட்டு, கை கழுவிட்டுப் போனாக. மறுநாளும் வந்தாக, அதுக்கு மறுநாளும். மாத்தலாகி வந்த டீச்சருன்னு நான் நெனச்சேன். மாப்பிள்ளை வீட்டாளுக வேவு பாக்க அனுப்புன ஆளுன்னு தங்கப்பழம் நெனச்சாரு. அண்ணன்கிட்ட கேட்டா, "எங்க எறங்கணும்னேன், செண்பகம் மெஸ்ஸுன்னாக. நம்ம சாப்பாட்டைப் பத்திக் கேள்விப்பட்டு வந்திருப்பாக"ன்னு மீசையை முறுக்குனாக. மதினிக்கோ அவுகளை ரொம்பப் புடிச்சுப் போச்சு. "ஆவுடை, இப்பிடி ஒரு மனுசியைப் பாத்திருக்கியா? ஒரு சத்தம் இல்ல, ஒரு முனகல் இல்ல, வந்த எடமும் தெரியல இருந்த எடமும் தெரியல. நீயும்தான் இருக்கியே"ம்பாக. நானும் மதினியை முறைச்சுப் பாத்துட்டு விட்டுட்டேன்.

ஆடிக் கடைசி வியாழன். அம்மியைத் தூக்குற காத்து. அன்னைக்கோட வண்டி எங்க ஊரை முடிச்சுக்கிட்டுக் கிழக்க போகுது, மறுபடி வர ஒரு வருசம் ஆகும்னு மைக்குல சொல்லிக்கிட்டே இருந்துச்சு ஜெபமலர். மத்தியானம் தையலுக்கு நடுவுல ஒரு வாய் மோரு குடிக்கலாம்னு மெஸ் அடுப்படிக்குள்ள போனேன். முக்காலியில பூனை இல்ல. தேங்கா இல்ல. நாலா மடிச்ச வெள்ளைத் துண்டு ஒண்ணு, அழுங்காம நலுங்காம, நடுவுல கெடந்துச்சு.

"இது யாரு துண்டு மதினி?"

"அந்த அமைதியான அம்மா விட்டுட்டுப் போயிருப்பாக. கெடக்கட்டும்."

"எப்ப இருந்து கெடக்கு?"

"ஆடி பொறந்ததுலருந்து கெடக்கு. எடுத்துக் குடுக்கணும்னு நெனப்பேன், கைவேலையில மறந்துரும். அதுல நான் என்ன உக்காரவா போறேன்?"

வேற யாரு வீட்டு முக்காலியில கெடந்திருந்தாலும் மொத நாளே தெரிஞ்சிருக்கும், உக்காரப் போறப்ப கையில தட்டுப்பட்டிருக்கும். தன் எடத்துல ஒருநாளும் உக்காராத பொம்பளைக்கு, அதுல துண்டு விழுந்தது எப்பிடித் தெரியும்? போய் கேஸை அமத்துனேன்.

"ஏட்டி, சாம்பாரு கொதிக்கலட்டி."

"சாம்பாரு கெடக்கட்டும். வாங்க வண்டிக்கு."

"கல்யாணம் முடியட்டும்னு ஒனக்கு எத்தனை தடவை சொல்லுதது? இப்ப நான் உள்ள போயி, எதையாவது அது சொல்லி, தங்கப்பழம் காதுல விழுந்து, என் புள்ளை வாழ்க்கை போகவா?"

கரண்டியால என் கையில ஒண்ணு வச்சாக. வலிச்சுச்சு. விடல. ஒரு கையில துண்டு, மறு கையில மதினி, எலையில சோத்தோட உக்காந்திருந்த சனம் அப்பிடியே எந்திரிச்சுப் பின்னால வர, ஸ்டாண்டுக்கு இழுத்துக்கிட்டு ஓடுனேன். வண்டி நின்ன எடத்துல எண்ணெய்க் கறைதான் கெடந்துச்சு. கெழக்கு ரோட்டுல தூரத்துல புழுதி.

எங்கண்ணன் பஸ் மேக்க போறதுக்குக் கெளம்பி நிக்குது. நான் துண்டைத் தூக்கிக் காட்டுனேன். அண்ணன் துண்டைப் பாத்தாக, என்னைப் பாத்தாக, பொண்டாட்டியைப் பாத்தாக, விசிலை எடுத்து ஒரு ஊது ஊதி, "வண்டியைத் திருப்புங்க டிரைவரே, கெழக்க"ன்னாக. ரூட்டு மாத்துனா என் வேலை போயிரும்னு டிரைவரு சொல்ல, பின் சீட்டுல இருந்து தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளை ஒருத்தி, "வேலை போனா எங்க ஆபீசுல குச்சி அடுக்க வாரும்வே, நல்லா அடுக்குத கை மாதிரிதான் தெரியுது"ன்னா. பஸ்ஸே சிரிச்சுச்சு, டிரைவரும் சிரிச்சுட்டு ஸ்டியரிங்கை ஒடிச்சாரு.

அந்த ஓட்டத்தை நீங்க பாக்கணுமே. ஆடிக் காத்து பின்னால இருந்து தள்ள, சன்னல் எல்லாம் படபடக்க, கோழி கத்த, கோர்ட்டுக்குப் போறவரு வாய்தா போனா போகட்டும்னு படியில தொங்கி வழி காட்ட, பெஞ்சுல கெடந்த வேலையில்லாதவுகளும் சும்மா இருக்காம ஓடி வந்து ஏறிக்கிட, சர்க்கரைக்காரரு மேமூச்சு வாங்க, இருமல்காரரு இருமியே முன்னால போற மாட்டு வண்டியை எல்லாம் ஒதுங்க வைக்க, பள்ளிக்கூடத்துப் பக்கம் புள்ளைக கை தட்ட, எங்க ஊரு பஸ் பொறந்ததிலிருந்து அப்பிடி ஓடுனதில்ல. எனக்கு அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு, ஐயோ ஓடு, ஓடுன்னு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

மதினி கம்பியைப் புடிச்சு நின்னுக்கிட்டிருந்தாக. சீட்டு குடுத்தும் உக்காரல. கையில இன்னும் கரண்டி. "எறக்கி விடுங்க. கல்யாணம் முடியட்டும், நானே போறேன். சத்தியமா போறேன்"ன்னு சொல்லிக்கிட்டே வந்தாக.

அப்ப, சன்னலோரத்துல இருந்து ஒரு குரல் வந்துச்சு. அந்தச் சந்தனச் சேலை அம்மா. எப்ப ஏறுனாகன்னு யாருக்கும் தெரியல. அவுக பேசி நாங்க கேட்டது அதுதான் மொதத் தடவை.

"நானும் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன் செண்பகம். கல்யாணம் முடியட்டும்னுதான்."

கோழிகூட கத்தல. மதினி அந்தம்மாவைப் பாத்தாக. பெறகு என் கையில இருந்த துண்டைப் பாத்தாக. அவுக மூஞ்சி மொதல்ல வெளுத்து, பெறகு மெதுவா செவந்துச்சு.

"இத்தன நாளும் என் சாப்பாட்டுல உப்பு சரியா இருந்துச்சா?"ன்னு கேட்டாக மதினி.

"சரியா இருந்துச்சு. தின்ன உப்புக்குத்தான் வாயைத் தொறந்தேன். இல்லாட்டி நான் பேசுற ஆளே இல்ல."

மதினி திரும்பி டிரைவரைப் பாத்து, "என்னய்யா உருட்டுதீரு, மிதிச்சு ஓட்டும்"னாக.

ரயில்வே கேட்டு மூடியிருந்துச்சு. சரக்கு ரயிலு ஒண்ணு வாலைக் காட்டாம போய்க்கிட்டே இருந்துச்சு, அதுக்கு முன்னால எங்க வெள்ளை வண்டி நின்னுச்சு. ஜெபமலர் எறங்கி ஃபிளாஸ்க்குல இருந்து டீ ஊத்திக்கிட்டிருந்த புள்ளை, ஒரு பஸ் சனமும் கரண்டியோட ஒரு பொம்பளையும் ஓடி வர்றதைப் பாத்து டம்ளரைக் கீழ வச்சுட்டு, கதவைத் தொறந்துச்சு. மதினி ஏறுனாக. கேட்டு தொறந்துச்சு, யாரும் போகல. கெழக்கயும் மேக்கயும் லாரிக வரிசையா நின்னு ஆரன் அடிக்க, ஏ பொறுங்கப்பா, ஒரு பொம்பளை உள்ள இருக்கான்னு எங்க ஆளுக போய்ச் சொல்ல, அவுகளும் எறங்கி வந்து எங்களோட நின்னாக.

கதவு தொறந்து ஜெபமலர் என்னைக் கூப்பிட்டுச்சு. டிவியில மதினியோட மார்புப் படம், சாம்பக் கலர்ல, மழை மேகமாட்டம். எனக்கு ஒண்ணும் தெரியல. ஜெபமலருக்கும் தெரியலன்னு அதுவே சொல்லுச்சு. மிஷின் மட்டும் ஒரு எடத்தைச் சுத்திச் சின்னதா ஒரு வட்டம் போட்டிருந்துச்சு. பாசிப்பயறுல பாதி இருக்கும். "இவ்வளவுதான்க்கா. துண்டுதான். ஆளு இன்னும் உக்காரல. பெரியாஸ்பத்திரியில பாத்து உறுதி பண்ணணும், நாளைக்கே போகணும்"னுச்சு. மதினி அந்த வட்டத்துக்கிட்ட குனிஞ்சு பாத்தாக. "இம்புட்டுக்காணியா என்னைப் பயங்காட்டுச்சு"ன்னு கேட்டுட்டு, பெறகு என் தோள்ல சாஞ்சு அழுதாக. அத்தனை வருசச் சண்டையில அவுக என் தோள்ல சாஞ்சது அன்னைக்குத்தான்.

பெரியாஸ்பத்திரியில ஊசியால எடுத்துப் பாத்தாக. மிஷின் சொன்னது சரி. அந்தப் பயறை மட்டும் நறுக்குன்னு எடுத்துட்டு, கொஞ்ச நாளைக்குக் கதிர் பாய்ச்சுற கரண்டு வைத்தியம் வச்சாக. அதுவரைக்கும் மெஸ்ஸை நான் பாத்தேன். உப்பு ஒருநாள் கூடும், ஒருநாள் கொறையும், ஊரு வாயைத் தொறக்காம தின்னுட்டுப் போச்சு. சீக்கிரம் வாங்க தாயின்னு இசக்கியப்பன் ஆஸ்பத்திரிக்கே ஆளு அனுப்பிட்டாரு.

தங்கப்பழம் சும்மா இருப்பாரா? அன்னைக்குச் சாயங்காலமே கழுகுமலைக்குப் போயிட்டாரு. மதினி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்துல, பதினொரு மணி பஸ்ஸுல மாப்பிள்ளையோட அம்மா செல்லக்கனி எறங்குனாக. கையில பை. பாக்கு வெத்தலையைத் திருப்பிக் குடுக்கத்தான் வந்திருக்காகன்னு நெனச்சு, கோமதி உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. செல்லக்கனி மதினி முன்னால வந்து நின்னு, பையிலிருந்த ஆப்பிளை எடுத்து வச்சு, கொரலைத் தாழ்த்தி, "சம்பந்தி, அந்த வண்டி இப்ப எங்க நிக்குது? எனக்கும் ஒண்ணு ரொம்ப நாளா இருக்கு. மகன் கல்யாணம் முடியட்டும்னு வச்சிருக்கேன்"னாக. மதினி எந்திரிச்சு, செருப்பைப் போட்டுக்கிட்டு, அவுக கையைப் புடிச்சு பஸ்ஸுக்கு நடந்தாக. அன்னைக்கோட தங்கப்பழம் பெஞ்சைக் காலி பண்ணிட்டாரு.

ஐப்பசி முகூர்த்தம். தாலி கட்டியாச்சு. மொதப் பந்தி. பொண்ணோட அம்மா மொதப் பந்தியில உக்காருற வழக்கம் எங்க ஊர்ல இல்ல, எந்த ஊர்லயும் இருக்காது, வந்தவுக எல்லாம் தின்னு போன பெறகு அடி அண்டாவுல இருக்கிறதுதான் அவளுக்கு. எங்க மதினி பட்டுச்சேலையைச் செருகிக்கிட்டு நேரா நடந்து வந்து, நடு வரிசையில நாக்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாக. பக்கத்துல சம்பந்தியை உக்கார வச்சாக. "என்ன பாக்க ஆவுடை? எலையைப் போடு"ன்னாக. போட்டேன்.

கல்யாணப் பந்தியில உங்களுக்கே தெரியும், அடுத்த பந்திக்காரங்க நாக்காலிக்குப் பின்னாலயே வந்து நிப்பாங்க, எப்ப எந்திரிப்பாங்கன்னு. அன்னைக்கும் நின்னாக. மதினி நாக்காலிக்குப் பின்னால, சந்தனக் கலர் சேலையில, அந்தம்மா நின்னாக. சாம்பாரு வாளியோட நான் பாத்துட்டேன். இசக்கியப்பன் பாத்தாரு, அண்ணன் பாத்தாக, மண்டபமே பாத்துச்சு. மதினிக்கும் தெரியும். திரும்பிப் பாக்கல.

சாம்பாரு முடிச்சு வத்தக்குழம்பு கேட்டாக. வத்தக்குழம்புக்கு அப்பளம் கேட்டாக, அப்பளத்தை நொறுக்கி, மெதுவா, ஒவ்வொரு துண்டா தின்னாக. ரசம் கேட்டாக. ரசம் நல்லாருக்குன்னு மறுபடியும் கேட்டாக. வரிசையில மத்தவுக எல்லாம் முடிச்சுட்டாக, ஆனா ஒருத்தரும் எலையை மடக்கல. மதினி எந்திரிக்கிற வரைக்கும் எந்திரிக்கப் போறதில்லன்னு அத்தனை பேரும் ஆளுக்கொரு வாய் மோரு வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாக. ரெண்டாம் பந்திக்காரங்க பசியோட நின்னாக, கோவப்படல. அந்தம்மா காலு மாத்திக் காலு மாத்தி நின்னு பாத்தாக. பெறகு சுவத்துக் கடிகாரத்தைப் பாத்தாக. மேக்க போற பஸ்ஸுக்கு நேரமாச்சு.

வாசல்ல கோமதி தாம்பூலப் பையை நீட்டுனா. தேங்கா, வெத்தலை, பாக்கு, அதுக்கு மேல மதினி தொவச்சுத் தேச்சு நாலா மடிச்சு வச்ச வெள்ளைத் துண்டு. அந்தம்மா அதை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, ஒருதடவை பந்திப் பக்கம் திரும்பிப் பாத்துட்டு, சத்தமில்லாம எறங்கிப் போனாக. வருசா வருசம் வண்டிக்கு வரணும்னு ஜெபமலர் சொல்லியிருக்கு, மதினி போறாக, மொத ஆளா போறாக.

பஸ் கெளம்புற சத்தம் கேட்டுச்சு. எங்கண்ணன் விசில் இல்ல, அன்னைக்கு வேற கண்டக்டரு. நான் வாளியைக் கீழ வச்சுட்டு மதினி பக்கத்துல போயி, "போயாச்சு மதினி. இனிமே எந்திரிக்கலாம்"னு காதுல சொன்னேன்.

மதினி எலையில வெரலை வச்சு வழிச்சு நக்கிட்டு, என்னை ஏறிட்டுப் பாத்தாக.

"எந்திரிக்கவா? இப்பத்தானட்டி உக்காந்திருக்கேன். பாயாசம் இன்னொரு கரண்டி ஊத்து."